இப்போ என்ன படிக்கிறீங்க? சென்னையில் ஒரு சின்ன வாசிப்பு வட்டம் தொடங்க நினைப்பவர்களுக்கு

சென்னையில் படிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரை - தாம்பரம் ரயிலில் ஜன்னலோரம் ஒருவர் அட்டை போட்ட நாவலோடு இருப்பார், மெட்ரோவில் நின்றுகொண்டே ஒரு பெண் கிண்டிலில் விரலை நகர்த்திக்கொண்டிருப்பார், நம் அபார்ட்மெண்ட் இரண்டாவது மாடி மாமா மத்தியானம் முழுக்க பால்கனியில் புத்தகமும் கையுமாக இருப்பார். ஆனால் யார் என்ன படிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நாமும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை அதற்குத்தான். மாதம் ஒருமுறை ஐந்தாறு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து, அவரவர் கையில் இப்போது இருக்கும் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கலைவது எப்படி என்று சொல்லப் போகிறேன். இது இலக்கியக் கூட்டம் இல்லை, நூல் விமர்சன அரங்கும் இல்லை, எல்லாரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வந்து அலசுவதும் இல்லை. இப்படி எதிலும் கலந்துகொண்டு பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இலக்கியக் கூட்டங்களில் ஊறியவர்களுக்கு இதில் பாதி எரிச்சலைக் கிளப்பலாம், பரவாயில்லை.

ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான். படித்து முடித்த புத்தகத்தைக் கொண்டு வராதீர்கள், பாதியில் இருப்பதைக் கொண்டு வாருங்கள். முடித்துவிட்டால் நமக்குத் தீர்ப்பு சொல்லும் ஆசை வந்துவிடும்: நல்ல நாவல், சுமாரான நாவல், முதல் பாகம் அளவுக்கு இரண்டாம் பாகம் இல்லை, ஆசிரியருடைய பழைய எழுத்து மாதிரி வரவில்லை. கேட்பவருக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, தலையாட்டுவார், அவ்வளவுதான். பாதியில் இருப்பவரால் தீர்ப்பு சொல்ல முடியாது, அவருக்கே இன்னும் தெரியாது. "இந்த ஆள் அந்தப் பெட்டியை எதுக்கு ஒளிச்சு வெச்சான்னு இன்னும் புரியல, நூத்தம்பது பக்கம் தாண்டிட்டேன்" என்று அவர் சொல்லும்போது கேட்பவருக்கும் அது என்ன பெட்டி என்று தெரிந்துகொள்ளத் தோன்றும். அங்கேதான் புத்தகம் கை மாறுகிறது. புத்தகம் கை மாறினால் கூட்டம் நன்றாக நடந்தது என்று கணக்கு, மாறாவிட்டால் நன்றாகப் பேசினோம், அவ்வளவுதான்.

யாரைக் கூப்பிடுவது, எங்கே உட்காருவது

நாலு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம், எட்டைத் தாண்டினால் எல்லாருக்கும் பேச நேரம் இருக்காது. "பெரிய வாசகர்" என்று பெயர் வாங்கியவர்களை மட்டும் தேடாதீர்கள். க்ரைம் நாவல் படிக்கும் ஐடி பையன், பக்தி இலக்கியம் படிக்கும் மாமி, பங்குச் சந்தைப் புத்தகமாக வாங்கிக் குவிக்கும் ஒருவர், குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும் அம்மா, இப்படிக் கலந்து இருந்தால்தான் ஒவ்வொரு மாதமும் நீங்களாக ஒருநாளும் கையில் எடுக்காத ஒரு புத்தகம் கண்ணில் படும். எல்லாரும் ஒரே வகையைப் படிப்பவர்களாக இருந்தால் சீக்கிரமே பேச்சு வற்றிவிடும், அப்புறம் ஊர் வம்புதான்.

இடத்துக்குச் செலவு செய்யாதீர்கள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா மாதிரி உங்கள் பகுதியில் மரநிழல் இருக்கும் எந்தப் பூங்காவும் போதும். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போனால் நடைப்பயிற்சிக் கூட்டமும் சிரிப்பு யோகா கூட்டமும் சேர்ந்து நம் பேச்சை நமக்கே கேட்கவிடாது. எட்டு மணிக்கு மேல் கொஞ்சம் அடங்கும். சித்திரை, வைகாசியில் ஒன்பதரைக்கே வெயில் விரட்டிவிடும், அந்த மாதங்களில் சாயங்காலம்தான் சரி. பல பூங்காக்களை மத்தியானம் பூட்டிவிடுவார்கள், எனவே முதல்முறை போகும்போதே வாட்ச்மேனிடம் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். மைக், பேனர் எதுவும் வேண்டாம். பேனரைப் பார்த்தால் "கூட்டம் போடுறீங்களா, பர்மிஷன் இருக்கா" என்று கேள்வி வரும், நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து புத்தகம் வாசித்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வைக்கலாமே என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் காற்றில் பக்கம் நிற்காது, ஆறரைக்கு மேல் எழுத்தும் தெரியாது, மணல் தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மொட்டை மாடி இதைவிட எவ்வளவோ மேல், அசோசியேஷன் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் யாருடைய வீட்டுக் கூடம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. அரசுக் கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஒன்று உண்டு. சில இடங்களில் சுறுசுறுப்பாக நடக்கும், சில இடங்களில் பெயருக்கு இருக்கும். உங்கள் பகுதி நூலகரைப் போய்ப் பார்த்து, மாதம் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஆள் வராத நூலகத்தில் வேலை பார்க்கும் நூலகருக்கு இப்படி ஒரு கேள்வி சந்தோஷமாகத்தான் இருக்கும். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வார விடுமுறை, அன்று போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

எதெல்லாம் படிப்பதில் சேரும்

எல்லாமே சேரும். ஏற்கெனவே நாலு முறை படித்ததை ஐந்தாம் முறை படிப்பது, காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் ஒலிநூல், ஆங்கிலப் புத்தகம், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வரலாற்றுப் புத்தகம், சமையல் குறிப்பு எல்லாம் சரி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "நான் படிக்கிறதெல்லாம் சொல்ற மாதிரி இல்லீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவரைப் பேச வையுங்கள்.

எங்கள் வட்டத்தில் ஒரு அக்கா அப்படித்தான் இழுத்தார். அப்புறம் ஒருநாள் பையிலிருந்து பைண்டு செய்த தொடர்கதை ஒன்றை எடுத்தார். அவருடைய அம்மா வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. பக்கத்தின் பின்னால் கூந்தல் தைல விளம்பரம், ஓரத்தில் பாதியில் அறுந்த ஜோக்கு, ஓவியரின் கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் ஒரு வாரத்துப் பத்திரிகை கிடைக்காமல் போயிருக்கிறது. அந்த அத்தியாயத்தைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் படித்துவிட்டு, கதைச் சுருக்கத்தைக் கோடு போட்ட நோட்டுத் தாளில் மை பேனாவால் எழுதி, அதையும் சேர்த்துப் பைண்டு செய்திருக்கிறார் அந்த அம்மா. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன, அந்த அத்தியாயத்தைத் தேடிப் பார்க்கலாமே என்று சொன்னோம். அக்காவுக்கு அதில் ஆர்வமே இல்லை. அந்தப் புத்தகம் அதன்பிறகு எங்கள் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டுத்தான் அவர் கைக்குத் திரும்பியது.

பேசுவது எப்படி

ஆளுக்கு ஐந்து நிமிடம். புதிதாக வருபவர்கள் அதற்குள் என்ன சொல்வது என்று தெரியாமல் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், கதை சொல்ல ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் முதல் அத்தியாயம்கூட முடியாது. கதை வேண்டாம். இந்த வரிசையில் போனால் எளிது.

முதலில் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், எத்தனை பக்கம், என்ன விலை. விலையெல்லாம் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள், கேட்பவர் மனதில் முதலில் வரும் கேள்வியே அதுதான். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள், எந்த மொழியிலிருந்து வந்தது, மூலத்திலிருந்து நேராகவா ஆங்கிலம் வழியாகவா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் உள்பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

அடுத்தது, எந்த இடத்தில் இருக்கிறீர்கள், அங்கே என்ன நடக்கிறது. பக்க எண்ணைவிட அத்தியாயத்தைச் சொல்வது நல்லது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களை ஏகப்பட்ட பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, உங்கள் 212ஆம் பக்கம் அடுத்தவரின் பதிப்பில் 160ஆக இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஏதாவது ஓரிடத்தில் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். சிரித்தீர்களா, சந்தேகம் வந்ததா, ஸ்டேஷனை விட்டுவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினீர்களா, எரிச்சல் வந்து மூடி வைத்தீர்களா. "மிகச் சிறப்பான நடை", "காலத்தால் அழியாத படைப்பு", "அனைவரும் கட்டாயம் படிக்க வேண்டும்" மாதிரி வாக்கியங்கள் வாயில் வந்தால் அப்படியே விழுங்கிவிடுங்கள். அவை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும், எனவே இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் எங்களோடு வருகிறார். ஒருமுறை அவர் ஒரு நாவலைக் கொண்டு வந்து, பத்து நொடி பேசாமல் இருந்துவிட்டு, "இதுல ஹார்பர் சீன் வருது. காத்து அந்த அடி அடிக்கிறப்ப எவனும் பாரத்தைத் தூக்க விடமாட்டான், எழுதினவரு ஹார்பரைப் பார்த்ததே இல்லைன்னு நினைக்கிறேன். ஆனா அந்த டீக்கடை இருக்கு பாருங்க, நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவனுங்க உட்கார்ற கடை, அதை எப்படி எழுதினாருன்னுதான் தெரியலை, அப்படியே இருக்கு" என்றார். அவ்வளவுதான் பேசினார். புத்தகத்தில் குற்றம் கண்டுபிடித்துத்தான் பேசினார், ஆனால் அன்று வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தப் புத்தகத்தைத்தான் இரவல் கேட்டார்கள். உங்கள் வேலை, உங்கள் ஊர், உங்கள் வீட்டுச் சமையல், எதன் வழியாகப் புத்தகத்துக்குள் போக முடிகிறதோ அதன் வழியாகப் போங்கள், அதை வேறு யாராலும் சொல்ல முடியாது.

நான்காவது, அரைப் பக்கம் வாசித்துக் காட்டுங்கள். அரைப் பக்கம்தான், இரண்டு பக்கம் இல்லை. எங்கே வாசிப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து பஸ் டிக்கெட்டோ எதுவோ செருகிக்கொண்டு வாருங்கள், "இருங்க, இங்கதான் இருந்துச்சு" என்று புரட்டிக்கொண்டே இருந்தால் கேட்பவர்கள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். ஒருமுறை வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்ப்பதும் நல்லது, ஏனென்றால் மனதுக்குள் படிக்கும்போது சுலபமாகப் போகும் வாக்கியம் வாயில் தடுக்கும். வட்டார வழக்கில் எழுதிய நாவல் என்றால் இன்னும் சிக்கல். நாஞ்சில் நாட்டுப் பேச்சையோ கொங்குப் பேச்சையோ மாம்பலத்துக்காரர் வாசித்தால் சீரியல் வசனம் மாதிரி ஆகிவிடும். அந்த ஊர்க்காரர் யாராவது வட்டத்தில் இருந்தால் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் வட்டத்தில் ஒரு தூத்துக்குடிக்காரர் வாசித்த பிறகுதான், நாங்கள் சோகம் என்று நினைத்த ஓரிடம் கேலி என்று தெரிந்தது.

கடைசியாக, இது யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று ஒரு வரி. "மெதுவா போகும், அவசரக்காரங்களுக்கு ஆகாது" என்று சொன்னால் புத்தகத்தைக் குறை சொன்னதாக ஆகாது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டாவதும் மூன்றாவதும். உலகம் முழுக்க நூலகத் துறையில் படிக்கும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். நம் ஊரில் உட்கார்ந்து எழுதியதை நாம் பூங்காவில் செய்து பார்க்கலாம்.

கேட்பவர்கள் கவனத்துக்கு

"ஐயோ, அதை நான் அப்பவே படிச்சிட்டேன், முடிவு என்னன்னா..." என்று ஆரம்பிப்பவரை உடனே நிறுத்துங்கள், வயதில் பெரியவராக இருந்தாலும் சரி. "இதையெல்லாமா படிக்கிறீங்க" என்ற முகபாவத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது, அதை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை வர மாட்டார். கேள்வி கேளுங்கள், நிறையக் கேளுங்கள். எங்கே கிடைத்தது, ஏன் எடுத்தீர்கள், ஒரே மூச்சில் படிக்கிறீர்களா, விட்டுவிட்டா என்பவை போதும். பெரிய கேள்விகள் தேவையில்லை.

எழுத்தாளர்களின் சண்டை ஒன்று தமிழ் வாசகர்கள் கூடும் இடத்துக்கெல்லாம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் ஃபேஸ்புக்கில் இப்படி எழுதினார், இவர் அந்த விருதை எப்படி வாங்கினார், எல்லாருக்கும் ஒரு தகவல் தெரியும். கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேச்சு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், மீதியை டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம், அதைத் தடுக்க யாராலும் முடியாது.

அப்புறம் அந்த ஒருவர். எல்லா வட்டத்திலும் ஒருவர் இருப்பார். ஐந்து நிமிடம் என்றால் அவருக்கு அது முன்னுரைக்கே போதாது. "அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்று பூங்கா பெஞ்சில் எழுந்து நின்று ஆரம்பிப்பார். அவரைக் கடைசியில் விட்டால் அதுவரை எல்லாரும் பேசிய புத்தகங்களையும் சேர்த்து நிறைவுரை ஆற்றுவார், அதனால் முதலிலேயே பேச வையுங்கள். ஃபோனில் அலாரம் வைத்து வட்டத்தின் நடுவில் வையுங்கள், எல்லாருக்கும் அதே அலாரம். மனிதர் சொல்லி நிறுத்தினால் கோபம் வரும், அலாரத்தின் மேல் யாரும் கோபப்படுவதில்லை.

வாட்ஸாப் குழு

வேண்டும், ஆனால் சட்டதிட்டத்தோடு. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் யாராவது புதிதாக ஒரு புத்தகம் தொடங்கினால் முன்னட்டை, பின்னட்டை, பதிப்பு விவரப் பக்கம் ஆகிய மூன்றின் படமும் கீழே மூன்று நான்கு வரியும் போதும். காலை வணக்கம், பண்டிகை வாழ்த்து, ஃபார்வர்டு எதுவும் கிடையாது. பதிப்பு விவரப் பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் தமிழில் முதல் பதிப்பு 1,000, 1,200 பிரதி என்பது வழக்கம், இப்போது பல பதிப்பகங்கள் சில நூறு பிரதிகளோடு நிறுத்திக்கொண்டு, தேவைப்பட்டால் மறுபடி அச்சடிக்கின்றன. தலைப்பை மட்டும் சொல்லிக் கடையில் கேட்டால் "ஸ்டாக் இல்லை சார்" என்று முடிந்துவிடும், பதிப்பகம் தெரிந்தால் நேராக அவர்களுக்கே ஃபோன் போட்டுக் கேட்டுவிடலாம்.

பிடிஎஃப் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். போன மாதம் வந்த புத்தகத்தின் திருட்டு பிடிஎஃப் குழுவில் விழுந்தால் அன்றே நீக்குங்கள், போட்டவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சில நூறு பிரதி விற்கும் எழுத்தாளருக்கு அதில் இருபது பிரதி போனாலே பெரிய அடி. இலவசமாகப் படிக்க வேண்டும் என்றால் முறையான வழி நிறையவே இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் காப்புரிமை முடிந்துவிடும், அதற்கு முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களையும் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். 1949இல் பாரதியின் எழுத்துகளை அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியதிலிருந்து இங்கே இந்த வழக்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட பழைய நூல்கள் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. குழுவில் அந்த இணைப்பைப் போடுங்கள்.

புத்தகம் கிடைக்கும் இடங்கள்

ஒருவர் பேசியதைக் கேட்டு ஆசை வந்துவிட்டது, புத்தகம் அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் பாதியில் வேறு இருக்கிறார். அப்போது எங்கே போவது?

முதலில் கிளை நூலகம். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள், வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். கட்டிய பணத்துக்குப் போய்ப் புத்தகம் எடுக்கலாமே! சின்ன வைப்புத்தொகை, ஆண்டுச் சந்தா, முகவரிச் சான்று, அவ்வளவுதான் உறுப்பினராக. அங்கே இல்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்த எட்டு மாடிக் கட்டடம், தமிழ் நூல்களுக்குத் தனித் தளமே உண்டு, நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டு போய் ஏசியில் உட்கார்ந்து படிக்கவும் தனி இடம் இருக்கிறது. சித்திரை வெயிலில் இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை என்பது என் கருத்து.

எங்குமே கிடைக்காத பழைய பதிப்பு என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896இல் திறந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் ஒரு பிரதி இங்கே வந்து சேர வேண்டும், அப்படிப்பட்ட நூலகங்கள் இந்தியாவிலேயே நான்குதான்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், பழைய புத்தகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பிளாட்பாரம், பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய கடைகள், இரண்டையும் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு புத்தகத்தைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். கண்ணில் பட்டதை எடுப்பது என்று போனால் பை நிறையும். பழைய வாடகை நூலகங்களின் முத்திரை குத்திய பிரதிகள் கிடைத்தால் கடைசிப் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். "கதை சூப்பர்", "முடிவு சரியில்லை", "இதைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்" என்று நாலு பேனாவில் நாலு பேர் எழுதியிருப்பார்கள். நாம் பூங்காவில் உட்கார்ந்து செய்வதை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே செய்திருக்கிறார்கள்.

இரவல் கொடுப்பது

ஒரு நோட்டு போடுங்கள். யாருடைய புத்தகம், யார் வாங்கினார், என்ன தேதி. சொந்தக்காரர்களுக்குள்ளேயே புத்தக விஷயத்தில் மனஸ்தாபம் வரும், இதில் நட்பை நம்பி நோட்டைக் கைவிடாதீர்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் பெயரும் அபார்ட்மெண்ட் எண்ணும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குத் திரும்பி வர வேண்டும், படித்து முடிக்காவிட்டாலும் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டிவிட்டு இன்னொரு மாதம் வைத்துக்கொள்ளலாம். காட்டச் சொல்வதன் சூட்சுமம், புத்தகம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று அவருக்கே நினைவுபடுத்துவது. கையெழுத்து வாங்கிய பிரதி, அச்சில் இல்லாத பிரதி இரண்டையும் இரவல் கொடுக்காதீர்கள், மனசு கேட்காவிட்டால் வீட்டுக்கு வரச் சொல்லி அங்கேயே படிக்கக் கொடுங்கள், காபி உங்கள் செலவு. படிக்கும்போது அடிக்கோடு போடும் பழக்கம் உள்ளவரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு அடிக்கோடு பிடிக்கும், அடுத்தவர் எங்கே நின்றார் என்று தெரிகிறது, ஆனால் இதில் நான் சிறுபான்மை என்று எனக்கே தெரியும்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. அவர்களை முதலில் பேச வைத்துவிட்டு விளையாட அனுப்பிவிடுங்கள், பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை எந்தக் குழந்தையும் உட்காராது.

ஜனவரி

ஆண்டில் ஒருமுறை வட்டம் மொத்தமும் சேர்ந்து கிளம்ப வேண்டிய இடம் புத்தகக் காட்சி. புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி இதை 1977இல் தொடங்கியது, இப்போது பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. நந்தனம் மெட்ரோவில் இறங்கினால் பார்க்கிங் தொல்லை இல்லை. பொங்கல் விடுமுறையில் போனால் நடக்கவே இடம் இருக்காது, வேலை நாளில் மத்தியானம் திறந்தவுடன் போவதுதான் நிம்மதி. பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கமாக எல்லாக் கடையிலும் உண்டு.

போவதற்கு முந்தின கூட்டத்தில் ஆண்டு முழுக்கக் குழுவில் போட்ட அட்டைப் படங்களைத் திருப்பிப் பாருங்கள், யாருக்கு எது வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு, பதிப்பக வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாவலை நாலு பேரும் வாங்கிவிட்டால் பிறகு இரவல் கொடுக்க ஆளே இருக்காது. எண்ணூறு பக்கப் புத்தகத்தை ஒருவர் வாங்கட்டும், மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும். துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று தோள் பையாக இருந்தால் நல்லது, மூன்றாவது வரிசைக் கடைகளைத் தாண்டும்போதே கை வலிக்க ஆரம்பித்துவிடும். சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள், கூட்ட நேரத்தில் அங்கே நெட்வொர்க் இழுத்துக்கொண்டிருக்கும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். வாங்கி முடித்த பிறகு வெளியே மிளகாய் பஜ்ஜியும் டெல்லி அப்பளமும் இருக்கின்றன, ஆனால் எண்ணெய்க் கையோடு யாரும் அடுத்தவர் பையைத் திறந்து பார்க்கக் கூடாது என்று எங்கள் வட்டத்தில் ஒரு சட்டமே உண்டு.